வெள்ளைத் தேயிலைக்கு வெந்நீர் பயமில்லை

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில், கிழக்குச் சீனக் கடலை ஒட்டிய மலைப்பகுதி ஃபூடிங். மார்ச் கடைசியில் அங்கே தேயிலை மொட்டுப் பறிப்பு தொடங்கும். விரியாத மொட்டு, அதன்மேல் வெள்ளி நிறத்தில் அடர்ந்த பூனைமுடி. பறித்த மொட்டுகளை மூங்கில் தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்பி, வெயிலிலும் காற்றோட்டமான கூடத்திலும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று நாள் வாட்டுகிறார்கள். பிறகு இளஞ்சூட்டில் உலர்த்துகிறார்கள். தயாரிப்பு அவ்வளவுதான். வறுப்பதில்லை, ஆவி காட்டுவதில்லை, உருட்டுவதும் இல்லை. 2022இல் சீனத் தேயிலைத் தயாரிப்பு மரபுகளை யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது ஃபூடிங்கின் வெள்ளைத் தேயிலைக் கைமுறையும் அதற்குள் இடம்பெற்றது.

காயவைப்பதற்கா இவ்வளவு பெருமை என்று கேட்கலாம். இலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

தேயிலையின் செல்லுக்குள் கேட்டசின் எனும் துவர்ப்புப் பொருள்கள் நீர் நிறைந்த ஒரு பையில் அடைபட்டிருக்கின்றன. அவற்றை ஆக்சிஜனோடு சேர்த்து நிறம் மாற்றக்கூடிய பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, பச்சையம் இருக்கும் கணிகங்களில் தனியே இருக்கிறது. வெற்றிலைப் பெட்டியில் பாக்கும் சுண்ணாம்பும் தனித்தனி அறையில் இருக்கிற மாதிரி. ஒன்றாக மெல்லும்போதுதான் சிவக்கும். நம் டீக்கடைத் தேயிலை செய்பவர்கள் அந்தத் தடுப்பை முரட்டுத்தனமாக உடைக்கிறார்கள். 1930களில் அசாமில் உருவான சி.டி.சி. இயந்திரத்தின் பல் வைத்த உருளைகள் கொழுந்தை நசுக்கி, கிழித்து, சுருட்டிவிடும். பச்சைத் தேயிலைக்காரர்கள் நேரெதிர். பறித்த வேகத்தில் சூடு காட்டி நொதியைக் கொன்றுவிடுகிறார்கள்.

வெள்ளைத் தேயிலையில் இரண்டும் கிடையாது. நொதி உயிரோடு இருக்கிறது, செல்லும் உடையாமல் இருக்கிறது. இலை வாட வாட, செல்லின் உட்சவ்வுகள் தளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகின்றன. நொதியும் கேட்டசினும் ஆங்காங்கே சந்திக்கின்றன. ஆக்சிஜனேற்றம் நடக்கிறது, ஆனால் மிக மெதுவாக, பாதியிலேயே ஈரம் தீர்ந்து நின்றுபோகிறது. இந்த நாட்களில் வேறு வேலைகளும் நடக்கின்றன. இலையின் புரதம் சிதைந்து அமினோ அமிலங்கள் கூடுகின்றன. சர்க்கரையோடு பிணைந்து மணமற்றுக் கிடந்த லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்கள் விடுபட்டுப் பூமணம் எழுகிறது. பச்சைப்புல் வாடை ஆவியாகி விலகுகிறது.

பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர். அது எந்த வேகத்தில் வெளியேறுகிறது என்பதில்தான் தேயிலையின் தலையெழுத்து இருக்கிறது. ஈரக்காற்று அடித்தால் வாட்டம் இழுத்துக்கொண்டே போய் இலை கறுத்துவிடும். வெயிலும் சூடும் மிஞ்சினால் வேதிமாற்றத்துக்கு நேரமே கிடைக்காமல் மேலே காய்ந்து, உள்ளே பச்சை வாடை தங்கிவிடும். மழை நாளில் வெப்பக் காற்று செலுத்திய அறைக்குள் வாட்டுகிறார்கள். இப்படி வாட்டிய பிறகு ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ கொழுந்து ஆகியிருக்கும். ஆக, கைக்கு வேலை குறைவுதான். கண்ணுக்கும் மூக்குக்கும் ஓய்வே கிடையாது.

தரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மொட்டு மட்டும் என்றால் ‘பாய் ஹாவ் யின் ஷென்’, வெள்ளி ஊசி. மொட்டோடு ஒன்றிரண்டு இளந்தளிர் சேர்ந்தால் ‘பாய் மூ தான்’, வெள்ளைப் பியோனி. பெரும்பாலும் இலையாக இருப்பவை கோங் மெய், ஷோ மெய். ஹாங்காங் உணவகங்களில் டிம் சம் தின்றுகொண்டே குடிப்பவர்கள் கேட்கிற தேநீர்களில் ஷோ மெய் ஒன்று, விலையும் அடக்கம். ஃபூடிங்கோடு போட்டி போடும் இன்னொரு ஊர், அதே மாகாணத்தின் ஜெங்ஹே. நீலகிரியிலும் இலங்கை மலைநாட்டிலும் ‘சில்வர் டிப்ஸ்’ என்ற பெயரில் மொட்டுத் தேயிலை செய்கிறார்கள். அதுவும் இந்த முறைதான், செடியின் ரகமும் மண்ணும் வேறு. வாங்கும்போது ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். ‘அன்ஜி வெள்ளை’ என்று விற்பது பெயரில்தான் வெள்ளை. வசந்தத்தின் குளிரில் இலை வெளிறிப்போகும் ஒரு செடியிலிருந்து செய்த பச்சைத் தேயிலை அது. அதேபோல, சோங் வம்சத்துப் பேரரசர் ஹுய்சோங் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேநீர் நூல் எழுதி வெள்ளைத் தேயிலையைப் புகழ்ந்தார் என்று விளம்பரங்களில் வரும். அவர் குடித்தது வெளிறிய இலையை ஆவியில் அவித்து அச்சில் அழுத்திப் பொடித்தது. இன்றைய வெள்ளி ஊசிக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான்.

இனி அடுப்படிக்கு வருவோம். பல பொட்டலங்களின் முதுகில் ‘70 டிகிரி வெந்நீர், ஒரு தேக்கரண்டி தேயிலை, 2 நிமிடம்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். இதைப் பின்பற்றினால் கிடைப்பது வைக்கோல் வாசம் லேசாக வீசும் வெதுவெதுப்பான தண்ணீர். குடித்தவர் ‘ஒன்றுமே இல்லையே’ என்று உதடு பிதுக்குவதில் நியாயம் இருக்கிறது. என் கணிப்பில், வெள்ளைத் தேயிலையின் பெயரைக் கெடுத்ததில் இந்த மூன்று வரிக்குப் பெரும்பங்கு உண்டு.

‘மென்மையான இலை, கொதிநீர் பட்டால் கருகிவிடும்’ என்ற எண்ணம் பச்சைத் தேயிலையிடமிருந்து இரவல் வாங்கியது. பச்சைத் தேயிலையில் பெரும்பாலானவை உருட்டி அழுத்திய இலைகள். செல் உடைந்த இடங்களிலிருந்து சாறு சீக்கிரம் கரையும், கொதிநீரில் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொள்ளும். வெள்ளை மொட்டோ முழுசாக இருக்கிறது. செல் சுவர்கள் உடையவில்லை, மேலே மெழுகுப் படலமும் பூனைமுடியும் மூடியிருக்கின்றன. தண்ணீர் உள்ளே நுழையவே நேரமாகும். அமினோ அமிலங்கள் குறைந்த சூட்டிலும் கரைந்துவிடும். திடத்தைத் தரும் பெரிய கேட்டசின்களும் கனமான மணப்பொருள்களும் வெளியே வர நல்ல சூடு தேவை. சீனாவின் அதிகாரபூர்வ சுவைச் சோதனையில் வெள்ளைத் தேயிலைக்கும் 3 கிராமுக்கு 150 மில்லி கொதிநீர் ஊற்றி 5 நிமிடம் வைக்கிறார்கள். குறை இருந்தால் அப்படித்தான் வெளியே தெரியும். நல்ல இலை அந்தச் சோதனையைத் தாங்கும்.

வீட்டில் செய்ய நான் சொல்வது இது. கரண்டியை மறந்துவிட்டு எடை பாருங்கள். சி.டி.சி. தூள் ஒரு கரண்டி என்றால் நெருக்கமாக நிறையும். வெள்ளைப் பியோனி சருகு போலப் பொங்கி நிற்பதால் அதே கரண்டியில் எடை தேறாது. நகை எடை பார்க்கும் சின்ன மின்தராசு ஒன்று போதும். மூடியுள்ள 120 மில்லி பீங்கான் கிண்ணத்துக்கு, சீனர்களின் கய்வான் இருந்தால் அதற்கு, 5 கிராம் போடுங்கள். வெள்ளி ஊசிக்கு 90 டிகிரியைச் சுற்றி, பியோனிக்கு அதற்கும் மேல், ஷோ மெய்க்குக் கொதிக்கக் கொதிக்க. முதல் ஊற்று அரை நிமிடம், பிறகு ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். ஆறேழு ஊற்று தாங்கும். மூன்றாவது, நான்காவதில்தான் மொட்டு முழுக்க நனைந்து வாய் திறக்கும். முதல் ஊற்றைக் குடித்துவிட்டு இலையைக் கொட்டுபவர் பணத்தைக் கொட்டுகிறார்.

இவ்வளவு பொறுமை இல்லாதவர் 3 கிராம் இலையைப் பெரிய கோப்பையில் போட்டு 200 மில்லி வெந்நீர் ஊற்றி ஐந்தாறு நிமிடம் விட்டுவிடலாம். அதில் பாவம் ஒன்றுமில்லை. சித்திரை வெயிலில் அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் போட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வைத்தால் காஃபினும் கசப்பும் குறைவாக இறங்கி, இனிப்பு தூக்கலாக வரும். ஊட்டிக்காரர்களுக்கு வெப்பமானி வேண்டாம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பால் டீயில் தண்ணீரின் குற்றம் பாலிலும் சர்க்கரையிலும் மறைந்துவிடும். இங்கே ஒளிய இடமில்லை. கால்சியமும் பைகார்பனேட்டும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் மங்கிக் கறுத்து, மேலே ஏடு படிகிறது, மணம் அமுங்குகிறது. தாதுவே இல்லாமல் வடிகட்டிய தண்ணீரிலும் சுவை தட்டையாகிவிடும். இரண்டுக்கும் நடுவே உப்புக் குறைந்த நல்ல குடிநீர் போதும். 8ஆம் நூற்றாண்டில் தேநீர் சாத்திரம் எழுதிய லூ யூ மலையூற்று நீருக்கு முதலிடமும் கிணற்று நீருக்குக் கடைசி இடமும் கொடுத்தார். வேதியியல் அறியாத காலத்தில் நாக்கே ஆய்வகமாக இருந்திருக்கிறது. பால் சேர்ப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். பாலின் கேசீன் புரதம் துவர்ப்புப் பொருள்களைப் பிடித்துக்கொள்ளும். அசாம் தூளுக்கு அது தேவை. இங்கே பிடித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது பால்தான்.

ஊற்றிய உடனே குடிக்க வேண்டாம், நாக்கு சுட்டால் சுவை தெரியாது. கொஞ்சம் ஆறியதும் சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்றோடு கலந்து போகும்போதுதான் மணம் தொண்டை வழியாக மூக்கின் பின்பக்கம் ஏறும். வெள்ளி ஊசியில் புது வைக்கோல், வெள்ளரிக்காய், ஏதோ வெள்ளைப் பூ. அதன் சாறு மெலிசாக இருக்காது, நாக்கில் வழுவழுவென்று தங்கும். அந்தச் சுவையில் தியானைன் என்ற அமினோ அமிலத்துக்கு முக்கியப் பங்கு. இயற்கையில் கிட்டத்தட்ட தேயிலைக் குடும்பத்துக்கே உரிய பொருள் அது. 1949இல் ஜப்பானில் பிரித்தெடுத்தார்கள்.

இப்போது சந்தையில் சூடாக இருப்பது பழைய வெள்ளைத் தேயிலை. ‘ஓராண்டு தேநீர், மூன்றாண்டு மருந்து, ஏழாண்டு பொக்கிஷம்’ என்பது வியாபாரிகளின் மந்திரம். காலம் இலையை மாற்றுவது உண்மைதான். கேட்டசின்கள் குறைகின்றன, காலிக் அமிலம் கூடுகிறது, தியானைனும் கேட்டசினும் இணைந்து புதுவகைச் சேர்மங்கள் மெல்ல உருவாகின்றன. சேமித்த காலத்தை அறிய அந்தச் சேர்மங்களை அடையாளமாகக் கொள்ளலாம் என்று சீன ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சுவையில் பூ போய்ப் பேரீச்சையும் பதப்படுத்திய மரமும் வரும். பழைய ஷோ மெய்யைக் கெட்டிலில் போட்டே கொதிக்கவிட்டுக் குடிக்கிறார்கள், நன்றாகவே இருக்கும். ஆனால் சுவை மாறிவிட்டது என்பதால் மருந்தாகிவிட்டது என்று ஆகாது. ஈரமும் சூடும் கொடுத்துச் சில வாரங்களில் கறுக்க வைத்து ‘பத்தாண்டு’ முத்திரை குத்துவதும் நடக்கிறது. இலை ஒரே சீராகக் கறுத்து, புளித்த வாடையோ மண் வாடையோ அடித்தால் நகர்ந்துவிடுங்கள். சேமிப்பதானால் நம் கடலோர ஊர்களில் காற்றின் ஈரமே எதிரி. காற்றுப் புகாத உலோகத்தாள் பைக்குள் போட்டு டின்னில் அடைத்து, மசாலா அலமாரிக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள்.

நலவாழ்வுப் பேச்சிலும் இரண்டைத் திருத்த வேண்டும். வெள்ளைத் தேயிலையில் காஃபின் குறைவு என்பது பரவலான தவறு. பூச்சிகளிடமிருந்து தன் இளங்குருத்தைக் காக்கவே செடி காஃபினைச் சேர்க்கிறது. அதனால் மொட்டில் அதிகம், முற்றிய இலையில் குறைவு. இரவு தூக்கம் வராதவர்கள் மாலைக்கு மேல் வெள்ளி ஊசியைத் தொட வேண்டாம். அடுத்து, புற்றுநோயைத் தடுக்கும், எடையைக் குறைக்கும் என்ற கூற்றுகள் பெரும்பாலும் ஆய்வகக் கண்ணாடித் தட்டிலிருந்தும் எலியிலிருந்தும் கிளம்பியவை. மனிதர்களிடம் உறுதியான சான்று இல்லாமல் அவற்றுக்காகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு அது உடலில் சேர்வதைக் குறைக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

முதன்முதலில் வாங்குபவர் வெள்ளி ஊசிக்கும் வில்லையாக அழுத்திய ஏழாண்டுத் தேயிலைக்கும் ஓட வேண்டாம். அறுவடை ஆண்டும் ஊரும் அச்சிட்ட, அழுத்தாத வெள்ளைப் பியோனி 50 கிராம் வாங்கிக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நட்டம் குறைவு, பிடித்தால் அடுத்த விலைக்குப் போகலாம்.