பொதியிட்ட உலர்பழங்கள்: போசணையும் நுண்ணங்கிப் பாதுகாப்பும்

பழங்களை உலர்த்திச் சேமித்தல் மனிதன் கைக்கொண்ட மிகப் பழைய உணவுக்காப்பு முறைகளுள் ஒன்றாகும். பனங்களியைப் பாயிற் பரப்பி, படைமேற் படையாகக் காயவிட்டுப் பெறும் யாழ்ப்பாணத்துப் பனாட்டும், மேற்காசிய நாடுகளிலிருந்து வரும் பேரீச்சை, அத்தி, முந்திரிகை வற்றல் என்பனவும் ஒரே தத்துவத்தின்பாற் பட்டனவே. இன்று இவை பளபளக்கும் பொதிகளில் 'இயற்கை உணவு' என்னும் பெயரோடு சந்தைக்கு வருகின்றன. இவற்றின் போசணைப் பெறுமானம் யாது, பொதி எத்துணைப் பாதுகாப்பைத் தருகின்றது என்னும் இரு வினாக்களை ஈண்டு நோக்குவோம்.

முந்திரிகைப்பழத்தில் ஏறத்தாழ 80 சதவீதமும் வற்றலில் 15 சதவீதமும் நீராகும். எனவே ஒரு கிலோகிராம் வற்றலைப் பெற நான்கு கிலோகிராமுக்கு மேற்பட்ட பழம் தேவைப்படுகின்றது. 100 கிராம் பழம் ஏறத்தாழ 70 கிலோகலோரியைத் தர, அதே நிறையுடைய வற்றல் 300 கிலோகலோரியளவில் தருகின்றது; அதன் பாதிக்கு மேல் வெல்லமே. நாரும் பொற்றாசியமும் இரும்பும் செறிவடைகின்றன. விற்றமின் சீயோ பெரும்பாலும் அழிந்துவிடுகின்றது. நிறங்காக்கச் சேர்க்கப்படும் கந்தகவீரொட்சைட்டு தயமீனை அழிப்பதோடு, ஆஸ்துமா நோயாளர் சிலருக்கு மூச்சுத்திணறலையும் உண்டாக்கும்.

இனி, நுண்ணங்கிகளை நோக்குவோம். உணவிலுள்ள நீரின் மொத்த அளவன்று, நுண்ணங்கிகள் பயன்படுத்தக்கூடிய நீரின் அளவே அவற்றின் வளர்ச்சியை நிருணயிக்கின்றது. இதனை அவுஸ்திரேலிய விஞ்ஞானி டபிள்யூ. ஜே. ஸ்கொட் 1950களில் தெளிவுறுத்தினார். நீர்த்தொழிற்பாடு எனப்படும் இவ்வளவு தூய நீருக்கு 1 ஆகும். பெரும்பாலான பற்றீரியாக்கள் 0.91 இற்குக் கீழ் வளர்வதில்லை. வறட்சியைத் தாங்கும் சில பங்கசுகளும் மதுவங்களும் 0.61 வரை வளரும். நன்கு உலர்ந்த வற்றல் இவ்வெல்லைக்குக் கீழேயே இருக்கும்.

ஆயின், வளராமை வேறு, இறத்தல் வேறு. சல்மனெல்லா இனங்கள் உலர்ந்த உணவிற் பல மாதங்கள் உயிரோடிருக்கவல்லன. 1953இல் அவுஸ்திரேலியாவில் நெருப்புக்காய்ச்சல் பரவியமைக்கு உலர்த்திய தேங்காய்த்துருவலே காரணமெனக் கண்டறியப்பட்டது. உலர்த்தல் தாமதிக்கும்போது மற்றோர் இடர் நேர்கின்றது. அத்தியில் அஃபிளாதொட்சினையும், முந்திரிகையில் ஒக்ராதொட்சினையும் பங்கசுகள் தோற்றுவிக்கின்றன. பங்கசு மடிந்த பின்னரும் நஞ்சு எஞ்சுகின்றது. சாதாரண சமையல் வெப்பம் அதனை முற்றாக அழிப்பதில்லை. அஃபிளாதொட்சின் ஈரற் புற்றுநோய்க்குக் காரணமாவது.

பொதி இவற்றுள் எதனையும் நீக்குவதில்லை. உள்ளே இடப்பட்டதை உள்ளவாறே காப்பது மட்டுமே அதன் தொழில். அரைகுறையாக உலர்ந்த பனாட்டைப் பொலித்தீனில் அடைத்தால், இரவிற் குளிரும்போது ஆவி உட்புறத்தில் ஒடுங்கி, நீர்த்துளி பட்ட இடத்திற் பூஞ்சணம் படரும். திறந்த பாயில் இருந்ததினும் விரைவில் அது பழுதாகலாம்.

ஆகவே, உலர்பழத்தின் பாதுகாப்பு கடைத்தட்டிலன்று, உலர்த்தும் களத்திலேயே தீர்மானிக்கப்படுகின்றது. அங்கு உழைப்போருக்குத் தூய நீரும் மலசலகூடமும் உண்டா, விளைபொருள் நஞ்சுக்காகச் சோதிக்கப்படுகின்றதா என்பனவே நாம் எழுப்பவேண்டிய வினாக்கள். உழைப்பாளியின் சுகாதாரத்தைப் புறக்கணித்துவிட்டு நுகர்வோனின் சுகாதாரத்தைப் பொதிக்குள் அடைத்துத் தர எவராலும் இயலாது.