கத்தி கண்டதும் கதிர் காண்பதும்

நோய் இன்னது என அறிதல் ஒன்று. அது எவ்வளவு பரவியுள்ளது என அறிதல் பிறிதொன்று. முன்னதை அறிந்தும் பின்னதை அறியாத வைத்தியர் மருந்தின் அளவை வரையறுக்க மாட்டார். நிணநீர்க் கணுக்களைப் பற்றும் புற்றுநோயின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1832 இல் இலண்டன் வைத்தியரான தோமஸ் ஹொட்ஜ்கின் நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் பருத்து மாண்டோர் சிலரைப் பற்றி எழுதினார். அந்நோய் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. இளவயதினரையும் விடாத அந்நோய் பெரும்பாலும் கழுத்திலே நோவற்ற கட்டியாகத் தோன்றி, ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் படரும். கதிர்ச்சிகிச்சையே பெருந்துணையாயிருந்த காலத்தில், கதிர் படாத இடத்தில் ஒளிந்த நோய் மீண்டும் தலையெடுத்தது. ஆகவே அதன் எல்லையைத் துணிதல் உயிர்ப்பிரச்சினை ஆயிற்று.

1960ஆம் ஆண்டுகளின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் வைத்தியர்கள் வயிற்றைத் திறந்தே பார்க்கலாயினர். மண்ணீரலை அகற்றினர், ஈரலிலும் கணுக்களிலும் சிறு துண்டங்களை எடுத்து நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தனர். கழுத்திலும் நெஞ்சிலும் மட்டுமே நோயுண்டு எனக் கருதப்பட்டோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வயிற்றினுள்ளும் அது மறைந்திருந்தது. கத்தி உண்மையையே கூறிற்று. ஆயினும் அவ்வுண்மைக்குக் கொடுத்த விலை சிறிதன்று. மண்ணீரலை இழந்தவரை நியுமோகொக்கசு முதலிய கிருமிகள் திடீரெனத் தாக்கி உயிர்கவரும் அபாயம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

இதற்கிடையில் உடலைத் திறவாது உட்புறம் காணும் வழிகள் பிறந்தன. 1971 இல் இலண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளிக்குச் சி.ரி. படம் எடுக்கப்பட்டது. அப்படம் உறுப்பின் உருவையும் பருமனையும் காட்டும். பருக்காத மண்ணீரலில் உறையும் நுண்ணிய நோயைக் காட்டாது. பின்வந்த பெற் படமோ உறுப்பின் செயலைக் காட்டுவது. குளுக்கோசை ஒத்த பொருளொன்றில் கதிர்வீசும் புளோரீனை இணைத்து நாளத்தில் ஏற்றுவர். பசி மிக்க புற்றுக்கலங்கள் அதனை மிகுதியாகக் கவர்ந்து படத்தில் ஒளிரும். அக்கதிர்வீச்சு ஏறத்தாழ 110 நிமிடத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2014 இல் வெளியான லுகானோ விதிகள் இவ்விரு படங்களையும் இணைத்து நோயின் படிநிலையைத் துணியுமாறு கூறின.

எனினும் வெற்றி முழுவதும் படத்தினுடையதன்று. இரத்தவழியே உடலெங்கும் செல்லும் மருந்துகள் வந்தபின், மண்ணீரலில் ஒளிந்த நோயும் அவற்றுக்குத் தப்பவில்லை. வயிற்றைத் திறந்து பார்த்தோரையும் திறவாதோரையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வொன்று 1993 இல் வெளியாயிற்று. திறந்து பார்த்தமையால் ஆயுள் நீண்டதாக அது காணவில்லை. கத்தி பிழைபடவில்லை, அது விடையளித்த வினாவே தேவையற்றதாயிற்று.

படமும் குறையற்றதன்று. காசத்தால் வீங்கிய கணுவும் அதில் அவ்வாறே ஒளிரும். ஆதலின் நோய் இன்னது என முதலில் துணிவதற்குக் கணுவொன்றை வெட்டி ஆராய்தல் இன்றும் வேண்டப்படுகின்றது. அறிவு நன்றே, ஆயினும் அவ்வறிவால் நோயாளிக்கு விளையும் நன்மை, அதனைப் பெற அவர் படும் துன்பத்தினும் பெரிதாதல் வேண்டும்.