6 கண்டன்சர்… ஒன்று தப்பினாலும் ஆபத்து! வால்வு ஆம்பிளிஃபயர் செய்யும் வாலிபர்களே, உஷார்!

புதுச்சேரி—

கிதாருக்குச் சொந்தமாக வால்வு ஆம்பிளிஃபயர் செய்யக் கிளம்பும் வாலிபர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ராகம் அல்ல, கண்டன்சர்! கட்டை விரல் அளவே உள்ள இந்தப் பொருள், சுவிட்சை அணைத்த பிறகும் 300, 400 வோல்ட் மின்சாரத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். தொட்டால் தூக்கி எறியும். ஆளையே முடித்தும் விடும்.

பள்ளிப் பாடத்தில் இதன் பெயர் மின்தேக்கி. கடை பில்லில் கெப்பாசிட்டர். மெக்கானிக் வாயில் கண்டன்சர். மூன்றும் ஒன்றுதான்.

புதுவைக்குக் கிதார் புதிதல்ல. 1982-ல் பிரான்சில் தொடங்கிய ஜூன் 21 இசைத் திருவிழா இங்கேயும் கொண்டாடப்படுகிறது. கடையில் ரெடிமேடாக ஆம்பிளிஃபயர் கிடைக்கும்போது பழைய வால்வு மீது ஏன் இந்த மோகம்? சத்தத்தைக் கூட்டக் கூட்ட வால்வு ஒலி கரகரவென்று குழைந்து வரும். அந்தக் கரகரப்புதான் காரணம்.

மொத்தம் ஆறுதான்!

முதல்முறை செய்பவர்கள் பலர் எடுத்துக்கொள்ளும் மாதிரி, அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி 1950-களில் வெளியிட்ட 'சாம்ப்'. சர்க்யூட் நம்பர் 5எஃப்1. மூன்றே வால்வு, ஆறே கண்டன்சர்.

ஆறும் ஒரே வேலை பார்ப்பதில்லை. 16, 8, 8 மைக்ரோ ஃபாரட் கொண்ட மூன்று பெரிய கண்டன்சர்கள் பவர் பகுதியில் உட்கார்ந்து, 'ஹம்' என்ற இரைச்சலை வடிகட்டுகின்றன. 0.02 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர்கள் இரண்டும் வாசல் காவலாளிகள். பாட்டை மட்டும் அடுத்த கட்டத்துக்கு விட்டு, டி.சி. வோல்ட்டை வெளியே நிறுத்துகின்றன. ஆறாவது, 25 வோல்ட் தாங்கும் 25 மைக்ரோ ஃபாரட். பவர் வால்வின் காலடியில் நின்று ஒலியின் பலம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது.

350 போதாதா?

250-0-250 டிரான்ஸ்பார்மருக்கு 350 வோல்ட் கண்டன்சர் தாராளம் என்று வாங்கி வருபவர்கள் உண்டு. அங்கேதான் வெடி!

டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 250 என்பது ஏ.சி. கணக்கு. டி.சி. ஆனதும் அதன் உச்சம் 1.4 மடங்கு. அதாவது 350. லைன் வோல்டேஜ் ஏறும் நேரத்துக்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 385. மேலும், சுவிட்சைப் போட்டதும் வால்வு சூடாகச் சில விநாடி ஆகும். டயோடு வைத்த செட்டில் அதுவரை கரண்டு இழுக்க ஆளில்லை. முழு வோல்ட்டும் கண்டன்சர் தலையில்தான் விடியும். எனவே 450 வோல்ட் எழுதிய கண்டன்சரே வாங்க வேண்டும்.

325-0-325 டிரான்ஸ்பார்மர் என்றால் இதே கணக்கு 500-ஐத் தொடும். அப்போது 450-ம் உதவாது. 350 வோல்ட் கண்டன்சர் இரண்டை வரிசையாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுவது வழக்கம். வோல்ட் தாங்கும் சக்தி இரண்டு மடங்காகும். ஆனால் மைக்ரோ ஃபாரட் பாதியாகிவிடும்.

பழசைப் பார்த்து மயங்காதீர்!

பழைய சாமான் கடையில் கிடைக்கும் வால்வு ரேடியோவிலிருந்து கண்டன்சரைக் கழற்றிப் போட்டால் 'ஒரிஜினல் சவுண்ட்' வரும் என்பது ஒரு நம்பிக்கை. உண்மை வேறு. அந்தக் கால மெழுகுக் காகிதக் கண்டன்சர் ஈரம் குடித்து, டி.சி.யைக் கசிய விடும். காவலாளியே திருடனுக்குக் கதவு திறந்த கதை! பவர் வால்வின் தகடு சிவக்கும். பிறகு டிரான்ஸ்பார்மரும் புகையும். கடற்காற்று வீசும் ஊரில் இது இன்னும் மோசம்.

ரேடியோவின் வால்வு, டிரான்ஸ்பார்மர் நல்லதாக இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். கண்டன்சர் மட்டும் புதிதுதான் வாங்க வேண்டும்.

செத்துப்போன கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் குண்டாக இரண்டு கண்டன்சர் இருக்கும். பெரும்பாலும் 200 வோல்ட்தான். சீலிங் ஃபேன் கண்டன்சர் 440 வோல்ட் ஏ.சி. தாங்கும். ஆனால் அளவு 2.5 மைக்ரோ ஃபாரட்தான். ஹம் போகாது.

எங்கே வாங்குவது?

உள்ளூரில் டி.வி. மெக்கானிக்குகள் வாங்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் முதலில் கேட்கலாம். கிடைக்காவிட்டால் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறக் கூடாது. பெரும்பாலான கடைகளுக்கு அன்று லீவு.

கண்டன்சர் எல்லாம் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம் மாஹேவை ஒட்டிய கண்ணூர் மாவட்டத்தில் கேரள அரசின் கெல்ட்ரான் தொழிற்சாலை, 1970-களில் தொடங்கி எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் தயாரித்து வருகிறது.

கவுண்டரில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, வெப்ப அளவு. 85 டிகிரி, 105 டிகிரி என்று இரண்டு ரகம். வால்வு பக்கத்தில் அடுப்புச் சூடு. 105 வாங்கினால் ஆயுள் கூடும். இரண்டு, உடல். மேல்பக்கம் உப்பியிருந்தாலோ, அடியில் கசிவு தெரிந்தாலோ வேண்டாம். மூன்று, அளவு. சிறிய கண்டன்சரைப் பெரிய டப்பாவில் அடைத்து விற்கும் போலிகள் உண்டு. மீட்டரில் வைத்துப் பார்த்தால் குட்டு உடையும்.

சின்னக் கண்டன்சரில் '223' என்றிருந்தால் 0.022 மைக்ரோ ஃபாரட். "அதே நம்பர்தான் தம்பி, போட்டுக்கோ" என்று 50 வோல்ட் பீங்கான் ரகத்தைக் கொடுத்தால் வாங்கக் கூடாது. '2ஜே' என்ற குறி 630 வோல்ட்டுக்கு அடையாளம். சாதாரண ஃபிலிம் ரகம் சில ரூபாய்தான். பேர் பெற்ற வெளிநாட்டு ரகத்துக்கு ஆயிரக்கணக்கில் அழ வேண்டியதில்லை.

மேடையிலேயே பலி!

1972 மே 3. வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகரில் 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டார். மின்சாரம் தாக்கி மேடையிலேயே சாய்ந்து இறந்தார்.

கிதார் கம்பி ஒயர் வழியாக ஆம்பிளிஃபயர் தகரப் பெட்டியுடன் சேர்ந்திருக்கிறது. பெட்டியில் கரண்டு வந்தால் கம்பியில் கை வைத்தவர் கதி? பழைய இரண்டு பின் ஆம்பிளிஃபயர்களில் மெயின் லைனுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கண்டன்சர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் பெட்டி முழுக்க 230 வோல்ட்! 'மரண கண்டன்சர்' என்றே அதற்குப் பெயர். பழைய சர்க்யூட் படத்தில் அது இருந்தாலும் போடக் கூடாது. மூன்று பின் பிளக், நல்ல எர்த், ஃபியூஸ் மூன்றும் கட்டாயம்.

முதல் வடிகட்டிக் கண்டன்சரின் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டால், அணைத்த ஒரு நிமிடத்துக்குள் மின்சாரம் வடிந்துவிடும். அப்போதும் பிளக்கைப் பிடுங்கி, மீட்டர் வைத்துப் பார்க்காமல் உள்ளே கை விடக் கூடாது.

பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சீட்டு (250-0-250 டிரான்ஸ்பார்மருக்கு):

22 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி – 1
10 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி – 2
0.022 மைக்ரோ ஃபாரட், 630 வோல்ட், ஃபிலிம் – 2
22 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் – 1
220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் – 1

எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ். மாற்றிப் போட்டால் பாட்டு வராது. பட்டாசுச் சத்தம்தான் வரும்!