மூச்சு வாங்குவது யார் உத்தரவில்?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 5, 6 லிட்டர் காற்று நமக்குப் போதும். மூச்சிரைக்க ஓடினால் அது 100 லிட்டரைத் தாண்டும். ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு வாங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உடல் முதலில் பார்ப்பது கரியமில வாயுவை. ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905-லேயே ஆக்ஸ்ஃபோர்டில் இதை நிறுவிவிட்டார்கள். இரத்தத்தில் அந்த வாயு சற்று ஏறினாலும் மூளையைச் சுற்றியுள்ள திரவத்தின் அமிலத்தன்மை கூடும். மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் உள்ள செல்கள் அதை உணர்ந்து மூச்சைக் கூட்டும்.

இன்னொரு உணரி கழுத்தில் இருக்கிறது. தாடைக்குக் கீழே நாடி துடிக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தமனி இரண்டாகப் பிரியும் அங்கே, அரிசி மணி அளவில் ஒரு திசு. கரோட்டிட் உறுப்பு என்று பெயர். அளவுதான் சிறிது, எடைக்கு எடை பார்த்தால் இதயத்தைவிட அதிக இரத்தம் இதில் பாய்கிறது. ஆக்சிஜன், கரியமில வாயு, அமிலம் மூன்றையும் இது சோதிக்கிறது. இது இரத்தத்தைச் சோதிக்கும் உறுப்பாக இருக்கலாம் என்று 1920-களில் நுண்ணோக்கி வழியே ஊகித்தவர் ஸ்பெயினின் டி காஸ்ட்ரோ. அதைச் சோதனைகளில் நிரூபித்துக் காட்டிய பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. டி காஸ்ட்ரோவுக்கும் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

விசித்திரம் என்னவென்றால், மிதமாக ஓடும்போது தமனி இரத்தத்தில் இந்த வாயுக்களின் அளவு பெரிதாக மாறுவதே இல்லை. முதல் அடி வைத்ததுமே மூச்சு எகிறிவிடுகிறது. காலுக்கு உத்தரவு போடும் மூளை அதே நேரத்தில் மூச்சு மையத்துக்கும் சொல்லிவிடுகிறது; தசை நரம்புகளும் தகவல் அனுப்புகின்றன. உணரிகள் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்கின்றன, அவ்வளவே.

வேகம் கூடி இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும்போதுதான் கழுத்து உணரியின் முறை வருகிறது. அந்த அமிலம் மூளைக்குள் எளிதில் புகாததால் முகுளத்துக்கு உடனே தெரியாது. கரோட்டிட் உறுப்பு அதைப் பிடித்து மூச்சைக் கூட்டிவிடும். அதன் பிறகு, ஓடிக்கொண்டே ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாது. ஆஸ்துமாவுக்காக இந்த உறுப்பை ஒரு காலத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கடும் உழைப்பில் இந்தக் கூடுதல் மூச்சு சரியாக வரவில்லை.

இந்த உணரிகளை ஏமாற்றவும் முடியும். முங்கு நீச்சலுக்கு முன் சிலர் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுவார்கள். ஆக்சிஜன் அதனால் அதிகம் சேராது. கரியமில வாயுதான் வெளியேறும். மூச்சுத் தவிப்பு வருமுன்பே ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள் மயக்கம் வந்துவிடும். கிணற்றில் யார் அதிக நேரம் முங்குவது என்று பந்தயம் கட்டும் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.