கிரெகரி விளாஸ்டோஸும் மூன்றாம் மனிதனும்

பிளேட்டோ தன் கோட்பாட்டுக்கு எதிராகத் தானே ஒரு வாதத்தை எழுதிவைத்தார். அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. 'பார்மெனிடிஸ்' என்ற உரையாடலில் அது இருக்கிறது. ஏன் அப்படிச் செய்தார்?

முதலில் வாதத்தைப் பார்த்துவிடுவோம். யானை பெரிது, மலை பெரிது, கப்பலும் பெரிது. 'பெரிது' என்பதற்குத் தனியே ஒரு வடிவம் இருக்கிறது, இவை அதில் பங்குகொள்வதால்தான் பெரிதாக இருக்கின்றன என்பது பிளேட்டோவின் கொள்கை. சரி, அந்த வடிவமும் பெரிதுதானே? அப்படியானால் யானை, மலை, கப்பல், வடிவம் நான்குக்கும் பொதுவாக இன்னொரு வடிவம் வேண்டும். பிறகு அதையும் சேர்த்து மற்றொன்று. பேஸ் கேஸ் இல்லாத ரிகர்ஷன் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அரிஸ்டாட்டில் மனிதனை வைத்து இதைச் சொன்னதால் 'மூன்றாம் மனிதன்' என்று பெயர் நின்றுவிட்டது.

1954-ல் கிரெகரி விளாஸ்டோஸ் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிளேட்டோ எழுதியிருக்கும் வாக்கியங்களிலிருந்து மட்டும் இந்த முடிவு வருகிறதா என்று வரிவரியாகச் சோதித்தார். வரவில்லை. சொல்லப்படாத இரண்டு அனுமானங்கள் தேவைப்பட்டன:

1. பெரிதின் வடிவமும் பெரிது.
2. பெரிதாக இருக்கும் எதுவும், தன்னிலிருந்து வேறான வடிவத்தால்தான் பெரிதாகிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிதாக்குவது பெரிதின் வடிவம். அதுவும் பெரிது என்றால், அது தன்னிலிருந்தே வேறானதாக இருக்க வேண்டும்! முடிவில்லாத சங்கிலி வரைக்கும் போகவே வேண்டாம், முதல் அடியிலேயே முரண்பாடு வந்துவிடுகிறது.

இதை பிளேட்டோ கண்டிருந்தால் சங்கிலி வாதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. ஆகவே அவர் காணவில்லை என்றார் விளாஸ்டோஸ். ஏதோ தப்பு இருக்கிறது என்று பிளேட்டோவுக்குத் தெரிந்தது, எங்கே என்றுதான் தெரியவில்லை. தெரியாததை மறைக்காமல் எழுதிவைத்தார். அந்த உரையாடல் ஒரு நேர்மையான குழப்பத்தின் பதிவு என்பது விளாஸ்டோஸின் வாசிப்பு.

எல்லாரும் இதை ஏற்கவில்லை. 1955-ல் வில்ஃப்ரிட் செல்லர்ஸ், 1956-ல் பீட்டர் கீச் இருவரும் மறுத்து எழுதினார்கள். விவாதம் பல பத்தாண்டுகள் ஓடியது. ஆனால் மறுத்தவர்களும் அனுமானங்களை ஒவ்வொன்றாக எழுதிக்காட்டித்தான் மறுக்க வேண்டியிருந்தது. பிளேட்டோவை மேற்கோள் காட்டும் நூலாக மட்டும் வைக்காமல், எதிரே உட்கார்ந்து வாதிடும் ஆளாக நடத்தும் முறை இப்படித்தான் பரவியது.

விளாஸ்டோஸ் 1907-ல் இஸ்தான்புல்லில் பிறந்தவர். அப்பா கிரேக்கர், அம்மா ஸ்காட்லாந்துக்காரர். ஹார்வர்டில் முனைவர் பட்டம், பிறகு கனடாவில் குவீன்ஸ், அடுத்து கார்னெல், 1955 முதல் 1976 வரை பிரின்ஸ்டன், கடைசியாக பெர்க்லி. டெரன்ஸ் ஐர்வின், அலெக்சாண்டர் நெஹமாஸ் போன்றோர் அவருடைய மாணவர்கள். ஐர்வின் பிளேட்டோவின் அறக்கோட்பாடு பற்றி எழுதிய நூலோடு விளாஸ்டோஸ் உடன்படவில்லை. குருவும் சீடரும் அச்சிலேயே மோதிக்கொண்டார்கள்.

பிளேட்டோவிடம் கேட்ட கணக்கை அவர் தன்னிடமும் கேட்டார். 1950களில் சாக்ரடீஸ் பற்றி முழு நூல் ஒன்றை எழுதி முடித்து, தேறாது என்று தூக்கிப்போட்டுவிட்டார். சாக்ரடீஸ் பற்றிய அவருடைய நூல் 1991-ல்தான் வெளிவந்தது. முன்பு தான் எழுதியவற்றில் எது தவறு என்பதையும் அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு காலமானார்.

பெரிய சிந்தனையாளர் ஒருவரின் வாதத்தில் ஓட்டை தெரிந்தால் நம்மில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வோம்: அவர் தப்பே செய்யமாட்டார் என்று பூசி மெழுகுவோம், இல்லை மொத்தமாக ஒதுக்கிவிடுவோம். விளாஸ்டோஸ் ஓட்டை எந்த வரியில் இருக்கிறது என்று காட்டினார். அதற்குப் பிறகும் ஆயுள் முழுக்க பிளேட்டோவைத்தான் படித்துக்கொண்டிருந்தார்.