நிலம் தேடி மேற்கே: லாசன் குடும்பத்தின் வம்சவழி

சிட்னியின் மேற்குப் புறநகரான கிரவீனை ஒட்டிச் செல்லும் கிரேட் வெஸ்டர்ன் நெடுஞ்சாலை, நீல மலைகளைக் கடந்து பாதர்ஸ்ட் வரை நீள்கிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தத் திசையில் ஆடுமாடுகளுடன் பரவிய குடியேறிகளில் லாசன் குடும்பமும் ஒன்று. அக்குடும்பத்தின் மூல வீடு கிரவீனுக்கு அருகிலுள்ள புரொஸ்பெக்டில் இருந்தது.

குடும்பத்தின் முதல்வர் வில்லியம் லாசன் 1774இல் இங்கிலாந்தில் பிறந்தார். நில அளவை கற்றவர். நியூ சவுத் வேல்ஸ் படைப்பிரிவில் அதிகாரிப் பதவியை விலை கொடுத்து வாங்கி, 1800இல் சிட்னி வந்தார். நார்போக் தீவில் பணியாற்றியபோது சேரா லெட்பீட்டருடன் குடும்ப வாழ்வைத் தொடங்கினார். பின்னர் புரொஸ்பெக்டில் 500 ஏக்கர் மானியம் பெற்று, அங்கே கட்டிய மாளிகைக்கு 'வெட்டரன் ஹால்' என்று பெயரிட்டார்.

கடற்கரைக்கும் மலைகளுக்கும் இடையே இருந்த மேய்ச்சல் நிலம் வறட்சியால் கருகியது. பெருகிவந்த மந்தைகளுக்குப் புல் போதவில்லை. அதற்கு முன் மலையைக் கடக்க முயன்றவர்கள் பள்ளத்தாக்குகள் வழியே ஏறிச் செங்குத்துப் பாறைகளிடம் தோற்றுத் திரும்பியிருந்தார்கள். 1813 மே 11 அன்று கிரெகரி பிளாக்ஸ்லாந்து, வில்லியம் லாசன், இளைஞர் வில்லியம் சார்ல்ஸ் வென்ட்வொர்த் ஆகிய மூவரும் நான்கு பணியாட்கள், நான்கு பொதிக் குதிரைகள், ஐந்து நாய்களுடன் புறப்பட்டு, பள்ளத்தாக்கை விட்டு மலைமுகட்டையே பிடித்து நடந்தார்கள். லாசனின் நாட்குறிப்பில் திசைகளும் தூரங்களும் அளவைக்காரரின் ஒழுங்கோடு பதிவாகியிருக்கின்றன. யார்க் மலைச் சரிவில் குதிரைகள் வழுக்காதிருக்க மண்வெட்டியால் சிறு பள்ளம் வெட்டி அவற்றை இறக்கினார்கள். பொதிகளை ஆட்களே சுமந்தார்கள். கீழே அவர்கள் தேடிய புல்வெளி இருந்தது. மூவருக்கும் தலா 1,000 ஏக்கர் பரிசாகக் கிடைத்தது.

வில்லியம் காக்ஸின் மேற்பார்வையில் சுமார் 30 கைதிகள் 1814 ஜூலை தொடங்கி ஆறு மாதத்தில் மலைகளின் குறுக்கே 101 மைல் பாதையை வெட்டினார்கள். லாசன் தம் பரிசு நிலத்தைப் பாதர்ஸ்ட் பக்கம் எடுத்துக்கொண்டு, 1815இல் மாடுகளை மலைக்கு அப்பால் ஓட்டினார். 1819 முதல் 1824 வரை பாதர்ஸ்டின் தளபதியாக இருந்த அவர், 1821இல் முட்ஜி பகுதிக்கு வழி கண்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் லாசன், காக்ஸ் குடும்பங்களின் மந்தைகள் அங்கே பெருகின. தந்தையின் பெயரையே தாங்கிய மகன் வில்லியமும், மற்றொரு மகன் நெல்சனும் இந்தப் பண்ணைகளைக் கவனித்தார்கள். நெல்சன் புரொஸ்பெக்ட் குன்றில் கட்டிய வீட்டின் பெயரே அண்டைப் புறநகரான கிரேஸ்டேன்ஸுக்கு நிலைத்துவிட்டது.

ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மேய்ச்சல் நிலம் இன்னொரு மக்களின் வேட்டை நிலமாகவும் வாழிடமாகவும் இருந்தது. அந்நிலத்தின் பூர்வகுடிகளான விராஜுரி மக்களின் எதிர்ப்பு தீவிரமானபோது, 1824 ஆகஸ்ட் 14 அன்று பாதர்ஸ்ட் பகுதியில் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது, டிசம்பரில்தான் விலக்கப்பட்டது. அதே மாதம் விராஜுரித் தலைவர் விண்டரடைன் மலைகளைக் கடந்து பரமட்டாவுக்கு வந்து ஆளுநரைச் சந்தித்தார். அந்த மோதலில் கொல்லப்பட்ட விராஜுரி மக்களில் பெரும்பாலோரின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

லாசன் வம்சத்தின் தடயங்களோ ஏராளம். இப்படிப்பட்ட குடும்பங்களின் தலைமுறைகளைத் தேடுவோர் முதலில் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பார்க்கிறார்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசின் பிறப்பு, இறப்புப் பதிவு 1856 மார்ச்சில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய இடைவெளியைக் காலனியின் ஆள்கணக்கெடுப்புகள், 1828ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு, நில மானியப் பத்திரங்கள், உயில்கள் ஆகியவை நிரப்புகின்றன. ஒரே பெயர் தந்தைக்கும் மகனுக்கும் இருக்கும்போது வயதையும் நில எல்லையையும் ஒப்பிட்டே ஆளைப் பிரித்தறிய முடியும். லாசன் குடும்பத்தில் இரண்டு வில்லியம்கள் இருப்பதால் இந்தச் சரிபார்ப்பு தவிர்க்க முடியாதது.

நெல்சன் 1849இல் காலமானார். தந்தை வில்லியம் லாசன் 1850 ஜூன் 16 அன்று வெட்டரன் ஹாலில் இறந்து, புரொஸ்பெக்ட் புனித பர்த்தலமேயு தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். வெட்டரன் ஹாலும் கிரேஸ்டேன்ஸ் வீடும் பின்னாளில் இடிக்கப்பட்டன. தேவாலயமும் கல்லறைத் தோட்டமும் இன்றும் நெடுஞ்சாலைக்கு அருகே இருக்கின்றன.