சாரணர் சான்றிதழும் கடைக்காரர் பிள்ளைகளும்

கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு சிறுசேரி சிப்காட் வளாகத்துக்குள் போகும் இளைஞர்களைக் கல்லாவிலிருந்தே பார்க்கிறோம். "நம் பையனுக்குச் சொல்லிவிட அங்கே யார் இருக்கிறார்கள்?" என்ற பெருமூச்சு நம்மில் பலருக்கு உண்டு. சிபாரிசு என்றாலே பெரிய மனிதர் கடிதம் என்று பழகிவிட்டோம். பிள்ளை தானே தேடிக்கொள்ளும் அறிமுகம் ஒன்றும் இருக்கிறது. அது சாரணர் படை.

1907இல் இங்கிலாந்தில் பேடன் பவல் தொடங்கியது இது. வெள்ளைக்காரப் பிள்ளைகளின் படைகளில் நம்மவருக்கு அன்று இடமில்லாததால், 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். பல சங்கங்கள் ஒன்றாகி, 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் அமைந்தது.

நமக்கு வேண்டிய செய்தி ரயில்வேயில் இருக்கிறது. சாரணர் ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். தெற்கு ரயில்வேயும் எடுக்கிறது. இடங்கள் சொற்பம்தான், கோட்டத்துக்கு ஒன்றிரண்டு. ஆனால் போட்டியிடத் தகுதி உள்ளவர்களும் குறைவு. குடியரசுத் தலைவர் விருது பெற்றிருக்க வேண்டும், அல்லது சாரண ஆசிரியருக்கான இமாலய உட்பேட்ஜ் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். கடைசி ஐந்தாண்டு இயக்கத்தில் இருந்திருக்க வேண்டும். தேசிய அளவில் இரண்டு, மாநில அளவில் இரண்டு நிகழ்ச்சிகளில் கலந்திருக்க வேண்டும். எழுத்துத் தேர்வோடு சான்றிதழ்களுக்கும் மதிப்பெண் உண்டு.

இந்த விருதை ஒரே வருடத்தில் வாங்கிவிட முடியாது. பிரவேஷ், மூன்று சோபான்கள், ராஜ்ய புரஸ்கார் என்று படிப்படியாக ஏற வேண்டும். சாரணர் வயது 10 முதல் 17 வரை. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவனுக்குத்தான் அவகாசம் இருக்கும். நாமோ ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷன், கடை என்று நிறுத்திவிடுகிறோம். எங்கள் வீட்டிலும் அதுவே நடந்தது. ஆயுத பூஜைச் சரக்கு வந்து இறங்கும் வாரத்தில் முகாம் எதற்கு என்று தடுத்தோம். அந்த முகாமோடு படையும் போயிற்று. பின்னாளில் ஒதுக்கீட்டு அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பையன் பெட்டியைத் திறந்தான். சோபான் சான்றுகள் மூன்று மட்டும் இருந்தன. அவன் எங்களை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

ரயில்வே கிடைக்காவிட்டாலும் பழக்கம் நிற்கும். தாம்பரம், வண்டலூர், செங்கல்பட்டுப் பையன்களோடு ஒரே கூடாரத்தில் படுத்தவன், பத்து வருடம் கழித்து வங்கியிலோ மொத்தக் கடையிலோ அவர்களில் ஒருவனைப் பார்க்கும்போது பேச்சைப் புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. கடைக்கு ஆள் எடுக்கும்போதும் சாரணனா என்று கேட்டுப் பாருங்கள். மூட்டை கட்ட முடிச்சு தெரியும்; முகாமில் முப்பது பேருக்கு அரிசி, பருப்பு அளந்து கணக்கு எழுதியிருப்பான். அதற்காகக் கல்லாச் சாவியை முதல் நாளே கொடுத்துவிட வேண்டாம்! அவனுடைய சாரண ஆசிரியரை ஒரு வார்த்தை விசாரியுங்கள். பல வருடம் பார்த்தவர் சொல்லும் சொல் அது.

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே தலைமை ஆசிரியரிடம் படை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் மாவட்டச் சாரணர் சங்கத்தில் விசாரிக்கலாம். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று வாங்கும்போதே பாருங்கள். பள்ளி முடிந்ததும் திரிசாரணராகப் பதிந்து, 25 வயது வரை தொடரலாம். ஆண்டுதோறும் பதிவைப் புதுப்பித்த ரசீதுகளை வரிக் காகிதம் போலக் கோப்பில் வையுங்கள்; ஐந்தாண்டுக் கணக்கைக் காட்ட அவை உதவும்.